லோனாவளா மகன்லால் சிக்கிக் கடையின் வரலாறு

மகாராட்டிர மாநிலம் புனே மாவட்டத்தில் உள்ள மலைவாழிடமான லோனாவளாவில் ஒரே குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் இனிப்புக் கடை மகன்லால் சிக்கிக் கடை ஆகும். சிக்கி என்பது தமிழ்நாட்டில் கடலைமிட்டாய் என வழங்கும் இனிப்பே. வெல்லப்பாகில் வறுத்த நிலக்கடலையைக் கலந்து, பரப்பி, வில்லைகளாக வெட்டி எடுப்பது இதன் செய்முறை. இக்கடை தன் தொடக்க ஆண்டாக 1888ஐக் குறிப்பிடுகிறது.

இந்தியாவில் கடலைமிட்டாய் செய்யாத மாநிலம் இல்லை என்றே சொல்லலாம். அப்படியிருக்க, லோனாவளா என்றவுடன் சிக்கியும், சிக்கி என்றவுடன் மகன்லாலும் நினைவுக்கு வருவது எதனால்? அந்த ஊரின் வழியே செல்லும் ரயில்பாதை, பாகின் தன்மை, கடைப்பலகையில் எழுதிய பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அந்தப் பெயரே பின்னாளில் குடும்பத்துக்குச் சுமையாகவும் ஆனது.

ஊரும் ரயில்பாதையும்

லோனாவளா மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. புனேயிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், மும்பை செல்லும் வழியில் இருக்கிறது. கார்லா, பாஜா ஆகிய இடங்களின் பௌத்தக் குடைவரைகளும் லோகாகட் கோட்டையும் அருகில் உள்ளன.

ஆனால் இவ்வூரை வளர்த்தவை கோட்டையும் குகையும் அல்ல, ரயில்தான் வளர்த்தது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அதை இயக்கிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, அடுத்துப் புனேயை எட்ட விரும்பியது. குறுக்கே மலை நின்றது. போர்காட் எனப்படும் கணவாய் வழியே பாறையைக் குடைந்து, பள்ளங்களுக்குப் பாலம் கட்டி அமைக்கப்பட்ட மலைப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இப்பணியில் ஈடுபட்டனர். காய்ச்சலாலும் வெடிமருந்து விபத்துகளாலும் உயிரிழந்தோர் பலர்.

இப்பாதையின் செங்குத்தான பகுதியில் ஏற்றம் 37க்கு 1 என்ற அளவில் உள்ளது. அதாவது 37 மீட்டர் முன்னே சென்றால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். சாலைக்கு இது பெரிய ஏற்றமில்லை. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருளும் ரயிலுக்கோ இது கடுமையான ஏற்றம். இதனால் மும்பையிலிருந்து வரும் வண்டிகளுக்கு மலையடிவாரத்திலுள்ள கர்ஜத் நிலையத்தில் பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்சின்களை இணைப்பார்கள். மலையேறியபின் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். ரயில்வேயில் இவற்றைப் பேங்கர் எஞ்சின் என்பர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்பாதை மின்மயமான பின்னும் இந்த நடைமுறை தொடர்ந்தது.

எஞ்சினை இணைக்கவும் கழற்றவும் வண்டி நிற்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் பயணி சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். பார்க்கும் பயணியை நோக்கித் தட்டுடன் ஒருவர் வருவார். அடிவாரத்துக் கர்ஜத் வடாபாவுக்குப் பெயர்பெற்றதும், மலைமேலுள்ள லோனாவளா சிக்கிக்குப் பெயர்பெற்றதும் தற்செயல் அல்ல. கர்ஜத்தில் சூடாக உண்பதற்கும் லோனாவளாவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கும் உரிய தின்பண்டங்கள் நிலைபெற்றன.

தொடக்கம்: பீம்ராஜ் அகர்வாலின் குட்தானி

கடையைப் பற்றி வழங்கிவரும் வரலாற்றின்படி, இதைத் தொடங்கியவர் பீம்ராஜ் அகர்வால். வெல்லம், நிலக்கடலை, நெய் மூன்றையும் சேர்த்து அவர் செய்த இனிப்புக்குக் குட்தானி என்று பெயர். இந்தியில் 'குட்' என்பது வெல்லத்தைக் குறிக்கும். ரயில்பாதையில் வேலை செய்த தொழிலாளர்களுக்கு அவர் இதை விற்றார் என்று கூறப்படுகிறது.

இங்கு ஆண்டுகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மலைப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. கடை குறிப்பிடும் ஆண்டு 1888. இடையில் 25 ஆண்டுகள் உள்ளன. எனவே கணவாயைக் குடைந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்களே இந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர்கள் என்று சில இடங்களில் எழுதப்படுவது ஆண்டுக்கணக்கோடு பொருந்தவில்லை. எனினும் மலைப்பாதை என்பது ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக் கூடியதன்று. மழைக்காலந்தோறும் பாறை சரியும், மண் அரிக்கும், தண்டவாளத்தை ஓயாமல் கண்காணிக்க வேண்டும். ஆகவே 1888இலும் அதற்குப் பின்னும் லோனாவளாவில் ரயில் தொழிலாளர்கள் இருந்தது இயல்பே.

அந்தத் தொழிலாளிக்கு இந்த இனிப்பு ஏன் பொருத்தமாக இருந்தது என்பதும் எளிதில் விளங்கும். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு புரதம்; கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. வெல்லம் உடனே ஆற்றல் தரும். சமைக்க வேண்டியதில்லை, சூடாக்க வேண்டியதில்லை; மடியில் முடிந்துகொண்டு மலையேறலாம். இன்று சுற்றுலாப் பயணி பரிசாக வாங்கிச் செல்லும் பண்டம், முதலில் உழைப்பாளியின் பசி தீர்த்த உணவு.

மூலப்பொருளுக்கும் குறைவில்லை. மேற்கு மகாராட்டிரம் கரும்பு விளையும் நிலம். அப்பகுதியின் கோலாப்பூர் வெல்லம் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது. மேலும், மகர சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் சேர்ந்த தில்குள் என்னும் இனிப்பை ஒருவருக்கொருவர் வழங்குவது மராத்தியர் வழக்கம். ஆகவே பாகில் தானியத்தைக் கலந்து இனிப்புச் செய்வதை அகர்வால் குடும்பம் புதிதாகக் கண்டுபிடித்தது என்று கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் பண்டிகைக்குச் செய்த பண்டத்தை ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கும் சரக்காக ஆக்கியதே அவர்களுடைய பங்கு.

பாகும் பதமும்

சிக்கி செய்வதில் முதன்மையானது பாகின் பதம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, கொதிக்கவிடுவர். நீர் ஆவியாகக் குறையக் குறையப் பாகின் வெப்பநிலை உயரும். முதலில் கம்பிப்பதம், பிறகு உருட்டினால் திரளும் உருண்டைப்பதம், அதன்பின் தண்ணீரில் விட்டால் கெட்டியாகி 'டக்' என்று உடையும் முற்றியபதம். சிக்கிக்கு இந்தக் கடைசிப் பதமே வேண்டும். பாகு அப்போது 140 பாகை செல்சியசைக் கடந்திருக்கும்; அதில் மிகச் சிறிதளவு நீரே எஞ்சியிருக்கும்.

பதம் ஒரு நிமிடம் முந்தினால் சிக்கி பல்லில் ஒட்டும். ஒரு நிமிடம் பிந்தினால் வெல்லம் கருகிக் கசக்கும். வெள்ளைச் சர்க்கரையைவிட வெல்லம் விரைவில் கருகுவதால், இந்த வேலை அனுபவமுள்ள கையையும் கண்ணையும் கேட்கிறது. பதம் வந்தவுடன் வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய மேசையில் பரப்பி, கட்டையால் உருட்டித் தட்டையாக்குவர். சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். ஆறியபின் வெட்டினால் கண்டபடி உடையும்.

ஆறிய பாகு பார்வைக்குத் திண்மமாகத் தோன்றினாலும் அதன் மூலக்கூறுகள் படிகம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை. கண்ணாடியில் இருப்பதுபோல் ஒழுங்கின்றி உறைந்து நிற்கின்றன. சிக்கியின் மொறுமொறுப்புக்கும் பளபளப்புக்கும் இதுவே காரணம். வெல்லத்தில் இயல்பாக உள்ள குளுக்கோசும் பிரக்டோசும் சர்க்கரை படிகமாவதைத் தடுத்து இந்த நிலைக்கு உதவுகின்றன. ஆனால் அவையே காற்றிலுள்ள ஈரத்தையும் விரைவில் உறிஞ்சுகின்றன. ஈரம் ஏறினால் கண்ணாடி நிலை குலைந்து, சிக்கி பிசுபிசுத்துப் போகும்.

மழையும் பொட்டலமும்

லோனாவளாவுக்கு மக்கள் மிகுதியாக வருவது மழைக்காலத்தில். சூன் முதல் செப்டம்பர் வரை அருவிகளையும் மேகம் தவழும் மலைமுகடுகளையும் காண மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகின்றனர். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. சென்னையில் பெய்வதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதங்களும் சிக்கிக்கு ஆகாத ஈரம் நிறைந்த மாதங்களும் ஒன்றே. லோனாவளாச் சிக்கிக் கடைகள் ஆண்டுதோறும் சந்திக்கும் முதன்மையான தொழிற்சிக்கல் இது.

இதற்கு விடை பொட்டலம். தட்டில் வைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால், பயணி வீடு சேர்வதற்குள் சிக்கி இளகிவிடும். ஈரம் புகாத உறையிலிட்டு மூடினால் பல நாள் தாங்கும். ரயில்வே நிருவாகம் இந்த இனிப்பை உறையிலிட்டு வண்டிகளில் விற்க முன்வந்ததே கடையின் வளர்ச்சியில் திருப்புமுனை எனச் சொல்லப்படுகிறது. அளவும் விலையும் பெயரும் அச்சிட்ட பொட்டலமாக மாறியபின், சிக்கியை வாங்குவதற்கு லோனாவளாவில் இறங்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. வண்டியிலேயே வாங்கி, மும்பையிலோ புனேயிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

பண்டத்தின் பெயரும் இக்காலத்தில் மாறியது. குட்தானி என்பது வழக்கொழிந்து சிக்கி என்பது நிலைத்தது. பீம்ராஜுக்குப் பின் வந்த மகன்லாலின் பெயரால் கடை அறியப்பட்டது. இப்பெயரிலுள்ள 'மகன்' தமிழ்ச்சொல் அன்று. ஒன்றில் மகிழ்ந்து ஆழ்ந்திருத்தல் என்னும் பொருளுடைய வடசொல் வழிவந்தது. நிலக்கடலையோடு எள், முந்திரி, தேங்காய், பொட்டுக்கடலை எனப் பலவகைச் சிக்கிகளும் சேர்ந்தன. ஊரில் வேறு இனிப்புக் கடைகளும் பெருகின. ஃபட்ஜ் என்னும் பால் இனிப்புக்குப் புகழ்பெற்ற கூப்பர் கடை அவற்றுள் ஒன்று.

ஒரே பெயர், பல பலகைகள்

இன்று லோனாவளாக் கடைத்தெருவில் நடக்கும் ஒருவர் 'மகன்லால்' என்னும் சொல்லை ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகளில் காணலாம். முன்னும் பின்னும் வேறு சொற்கள் சிறிய எழுத்தில் இருக்கும். மகன்லால் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். எது பழைய கடை என்று தெரியாமல் தயங்குவது அங்கு வரும் பயணிகளின் பொதுவான அனுபவம்.

இந்நிலை சட்டத்தின் பார்வையில் எளிதானதன்று. வணிகக் குறிகள் சட்டம், 1999 பதிவுபெற்ற குறியைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகத் தம் தொழிலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. இட்டு வழங்கிய புதுச்சொல்லைக் காப்பதைவிட மனிதரின் பெயரைக் காப்பது கடினம். மகன்லால் என்பது மேற்கு, வட இந்தியாவில் பரவலாக வழங்கும் ஆண்பெயர்.

பெயர் புகழ்பெறும்போது இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. வாங்குபவர் 'மகன்லால் கடையின் சிக்கி' என்று கேட்பதை விட்டு, 'மகன்லால்' என்றாலே நல்ல சிக்கி என்று எண்ணத் தொடங்குகிறார். அந்நிலையில் பெயர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஊருக்கே பொதுவானதுபோல் ஆகிவிடுகிறது. குடும்பத்துக்கு இது பெருமை, இழப்பும்கூட.

கோவில்பட்டியுடன் ஓர் ஒப்பீடு

இதே இனிப்புக்குத் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. இதற்கான விண்ணப்பத்தை அளித்தது தனிக்கடை ஒன்றன்று. அப்பகுதிக் கடலைமிட்டாய் உற்பத்தியாளர்களின் சங்கம்.

இரண்டு ஊர்களின் பாதையும் இங்குத்தான் பிரிகின்றன. புவிசார் குறியீடு இடத்தின் பெயரைக் காக்கிறது. ஆளின் பெயரைக் காப்பது அதன் வேலையன்று. கோவில்பட்டியில் புகழ் ஊரின் பெயரில் சேர்ந்ததால், பல குடும்பங்கள் ஒன்றுகூடி அதைப் பொதுவுடைமையாகப் பதிவுசெய்ய முடிந்தது. லோனாவளாவில் புகழின் பெரும்பங்கு ஒரு கடையின் பெயரில் சேர்ந்தது. பொதுப்பெயருக்கு உரிமை கொண்டாடுவோர் அதன் தரத்தையும் கூட்டாகக் காக்க வேண்டும். தனிப்பெயருக்கு உரிமை கொண்டாடுவோர் அந்தப் பொறுப்பைத் தனியாகவே சுமக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஆணை

அந்தச் சுமை எத்தகையது என்பது 2017 திசம்பரில் வெளிப்பட்டது. மகாராட்டிர உணவு மற்றும் மருந்து நிருவாகத் துறை, மகன்லால் நிறுவனம் சிக்கி செய்வதையும் விற்பதையும் நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006 கோருகின்றபடி பொருள்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்படவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட முதன்மையான காரணம்.

இச்சட்டத்தின்கீழ் அமைந்த விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன. உரிமம் பெற்ற உணவு உற்பத்தியாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தம் பொருளைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது உரிம நிபந்தனைகளுள் ஒன்று. பல தலைமுறைகளாகச் செய்துவரும் பண்டத்துக்குச் சோதனை எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். விடை நிலக்கடலையில் இருக்கிறது. ஈரமான சூழலில் சேமித்த நிலக்கடலையில் அசுபெர்கில்லசு வகைப் பூஞ்சை வளரக்கூடும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும். வறுப்பதால் முழுமையாக அழிவதுமில்லை. கண்ணாலும் நாவாலும் அதை அறிய இயலாது. பாகின் பதத்தைக் கையால் அறியும் அனுபவம் இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க உதவாது. ஆய்வகம் மட்டுமே சொல்ல முடியும்.

செய்தி நாடெங்கும் பரவியது. சிறு தயாரிப்பாளர் ஒருவருக்கு இத்தகைய ஆணை வந்திருந்தால் உள்ளூர்ச் செய்தியாகவே முடிந்திருக்கும். புகழ்பெற்ற பெயர் என்பதால் அது லோனாவளாச் சிக்கி முழுவதையும் பற்றிய கேள்வியாக ஆனது. பின்னர் உற்பத்தியும் விற்பனையும் மீண்டும் தொடங்கின.

இந்நிகழ்ச்சி இரண்டுவகை நம்பிக்கைகளை எதிரெதிரே நிறுத்தியது. ஒன்று, 'எங்கள் தாத்தா காலத்திலிருந்து வாங்குகிறோம்' என்னும் பழக்கத்தின் நம்பிக்கை. மற்றொன்று, தேதியும் எண்ணும் இட்ட சோதனைச் சான்றின் நம்பிக்கை. முதலாவது கடையை வளர்த்தது. வாங்குபவர் செய்பவரை நேரில் அறிந்திருந்தவரை அது போதுமானதாகவும் இருந்தது. பொட்டலம் ரயிலேறித் தொலைவிலுள்ள ஊர்களுக்குப் போனபின், அடுப்பருகே நிற்பவரை அறியாதவர்களே வாங்குவோரில் பெரும்பாலோர். அவர்களுக்கு இரண்டாவதும் தேவைப்படுகிறது.

இன்றைய நிலை

மும்பை–புனே விரைவுச்சாலை 2002இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 94 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை லோனாவளாவின் கடைத்தெருவுக்குள் நுழையாமல் செல்கிறது. ரயில் நின்றதால் பிறந்த வணிகம், வண்டி நிற்காமல் செல்லும் சாலையைச் சந்திக்க நேர்ந்தது. சிக்கியும் சாலையோர உணவகங்களுக்கும் பெருநகரக் கடைகளுக்கும் இடம்பெயர்ந்தது. லோனாவளாவில் வார இறுதிக் கூட்டம் குறையவில்லை. ஆனால் சிக்கிக்காகவே ஊருக்குள் வர வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

எனினும் ஊருக்குள் வருவோர் இன்றும் சிக்கி வாங்காமல் திரும்புவது அரிது. மலைவாழிடம் ஒன்றிலிருந்து திரும்புபவர் மலையையோ மழையையோ எடுத்துச் செல்ல முடியாது. ஒரு பொட்டலத்தைத்தான் எடுத்துச் செல்ல முடியும். அதைப் பிரித்துப் பிறருக்குக் கொடுக்கும்போது பயணமும் பகிரப்படுகிறது. சுற்றுலாத் தலங்களில் இனிப்புக் கடைகள் நிலைப்பதற்கு இதுவே அடிப்படை.

மகன்லால் கடையின் வரலாற்றில் பாதை, பண்டம், பெயர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்தன. பாதையைக் குடும்பம் அமைக்கவில்லை. பண்டத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. பெயர் ஒன்றே அவர்கள் தாமே ஈட்டியது. அதைப் பிறர் எடுத்துக்கொள்வதைத் தடுப்பது கடினம் என்பதைக் கடைத்தெருப் பலகைகள் காட்டுகின்றன. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக ஈட்ட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் ஆணை காட்டியது.